நுரையீரல் நுண்குழாய்களில் வைரஸ் செய்வது என்ன? நூறாண்டு விடைகளும் ஒரு பனியன் நகரமும்

கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பலருக்குத் தொப்புளைச் சுற்றி ஓர் ஊசி போட்டார்கள். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான ஹெப்பாரின் வகை மருந்து அது. மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எதற்கு என்ற கேள்வி திருப்பூரில் அன்று பலருக்கும் எழுந்திருக்கும். அந்த அலை மேற்கு மாவட்டங்களை விட்டுப் போகவே மனமில்லாமல் நின்றது. 2021 ஜூன் தொடக்கத்தில் தமிழகத்தின் பிற பகுதிகளுக்குத் தளர்வுகள் கிடைத்தபோது, கட்டுப்பாடு நீடித்த 11 மாவட்டங்களில் திருப்பூரும் ஒன்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே 20 அன்று, 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்கான தடுப்பூசித் திட்டம் இந்த மாவட்டத்தின் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில்தான் தொடங்கப்பட்டது.

ஹெப்பாரின் ஊசியைப் பற்றிய கேள்விக்குப் பின்னால் நூறாண்டு வழக்கு ஒன்று இருக்கிறது. கடும் வைரஸ் தொற்றில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் கெடுவது நோயின் மூலமா, விளைவா? மூலமென்றால் குழாயைக் கெடுப்பது வைரஸா, அதை எதிர்க்கப் புறப்பட்ட நம் உடலா? மருத்துவம் ஐந்தாறு விடைகளைச் சொல்லிவிட்டது. எதுவும் முழுதாகத் தோற்கவில்லை, எதுவும் முழுதாக வெல்லவுமில்லை.

களத்தின் அளவு தெரிந்தால் வழக்கு புரியும். வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் ஏறத்தாழ 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் தந்துகிகள் எனப்படும் நுண்குழாய்கள் போர்த்தியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலான சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவில் இதயம் தள்ளும் ரத்தம் முழுவதும் இந்த வலையைத் தாண்டியே உடலுக்குப் போக வேண்டும். ஒரு சிவப்பணு தந்துகியைக் கடக்க முக்கால் வினாடி ஆகிறது. அதில் முதல் கால் வினாடிக்குள்ளேயே ஆக்சிஜன் நிரம்பிவிடும். மீதி அரை வினாடி கையிருப்பு. இந்தக் கையிருப்பைக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் விடை: குழாய் வெறும் சாட்சி

1918 ஜூனில் மும்பைத் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த இன்ஃபுளுயன்ஸா இந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பம்பாய் மாகாணத்தோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணம் குறைவாகவே இழந்தது என்று மக்கள்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன. நோயாளிகளின் முகமும் உதடும் நீலம் பாரித்ததை உலகெங்கும் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். அறுத்துப் பார்த்த நுரையீரல்கள் ரத்தமும் நீரும் கோத்துக் கனத்துக் கிடந்தன.

அன்றைய பெரும்பான்மைக் கருத்தில் குற்றவாளி ஒரு பாக்டீரியா. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் விவரித்த நுண்ணுயிரே இன்ஃபுளுயன்ஸாவை உண்டாக்குகிறது என்று பலர் நம்பினர். மனித இன்ஃபுளுயன்ஸா வைரஸ் 1933-இல் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு அந்த நம்பிக்கை விழுந்தது. ஆனால் அதன் பாதி பிழைத்துக்கொண்டது. 2008-இல் மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபௌச்சி மூவரும் 1918 காலத்து நுரையீரல் மாதிரிகளையும், பழைய வெளியீடுகளில் பதிவான 8,398 பிணக்கூறாய்வு முடிவுகளையும் மறுபடி பரிசீலித்தனர். பெரும்பாலான சாவுகளுக்கு வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவே காரணம் என்று முடித்தனர். இந்தப் பார்வையில் வைரஸ் கதவைத் திறந்துவிடுகிறது, பாக்டீரியா புகுந்து அழிக்கிறது, ரத்தக்குழாய் நடந்ததைப் பார்த்து நிற்கிறது.

இதன் பலவீனம் சில நாட்களிலேயே இறந்தவர்களிடம் தெரிகிறது. பாக்டீரியா பெருக நேரமே இல்லாத உடல்களில் தந்துகிகள் சிதைந்தும் அடைபட்டும் இருந்தன. 1919-இல் லெக்கவுண்ட் என்ற அமெரிக்க நோயியலாளர், இன்ஃபுளுயன்ஸா நிமோனியாவில் தந்துகிகள் பரவலாக மடிந்து கிடப்பதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நூறாண்டு கழித்து அது புதுச் செய்தியாகத் திரும்பி வந்தது.

இரண்டாவது விடை: வைரஸ் குழாய்க்குள்ளேயே குடியேறுகிறது

குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்களுக்குள் வைரஸ் நேரடியாகப் புகுகிறது என்பது இரண்டாவது நிலைப்பாடு. இதற்கு அப்பழுக்கற்ற சாட்சி உண்டு, ஹன்டா வைரஸ். 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில் நல்ல உடல்வாகுள்ள இளைஞர்கள் ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து இறந்தார்கள். எலிகளிடமிருந்து வந்த அந்த வைரஸ் தந்துகிகளின் உட்சுவர்ச் செல்களில் நிறைந்திருந்தது. வியப்பு என்னவென்றால் செல்கள் சாகவில்லை. சுவர் இடியாமலேயே கசிந்தது. தொற்றியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிழைக்கவில்லை.

இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1964-இல் வேலூர் தொட்டப்பாளையத்தில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அது எந்தக் குடும்பம் என்று அப்போது புரியவில்லை. கொரியாவில் ஹோ வாங் லீ 1970-களில் ஹன்டான் வைரஸைக் கண்டறிந்து குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த பிறகே, தொட்டப்பாளையம் வைரஸும் அதே குடும்பம் என்று தெரிந்தது. அதாவது உலகில் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஹன்டா வைரஸ் வேலூருடையது. அது மனிதரிடம் கடும் நோயை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும், வீண் பீதி வேண்டாம்.

ஹன்டா சொல்லும் கதையைக் கொரோனாவுக்கும் பொருத்த முடியுமா? 2020 ஏப்ரலில் சூரிச்சிலிருந்து வர்காவும் சகாக்களும் லான்செட் இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார்கள். இறந்தவர்களின் குழாய் உட்சுவரில் வைரஸ் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டதாகச் சொன்னார்கள். கடிதம் காட்டுத்தீயாகப் பரவியது. கொரோனா நுரையீரல் நோயே இல்லை, ரத்தக்குழாய் நோய் என்று செய்தித்தாள்கள் எழுதின. சில வாரங்களில் நுண்ணோக்கி வல்லுநர்கள் மறுத்தார்கள். படத்தில் தெரிபவை செல்லுக்குள் இயல்பாகவே உள்ள உருண்டை உறுப்புகள், அவற்றை வைரஸ் என்று எண்ணிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் மனித உட்சுவர்ச் செல்களில் மிகக் குறைவு, அவற்றில் வைரஸ் பெருகவும் இல்லை என்று அடுத்த ஆண்டின் ஆய்வகச் சோதனைகள் காட்டின.

ஆக, இந்த விடை ஹன்டாவுக்கு முழுமையாகப் பொருந்துகிறது, கொரோனாவுக்கு அரைகுறையாகவே பொருந்துகிறது. குழாய் கெட்டது என்பதில் ஐயமில்லை. வைரஸ் அதற்குள் போய்த்தான் கெடுத்தது என்பதற்குச் சான்று மெலிந்தது.

மூன்றாவது விடை: நம் எதிர்ப்பே நம்மைச் சுடுகிறது

உடலின் எதிர்ப்பு எல்லை மீறி, சைட்டோகைன் எனும் சமிக்ஞைப் புரதங்கள் பொங்கிக் குழாய்களைக் கசியவிடுகின்றன என்பது மூன்றாவது. 2011-இல் டெய்ஹாரோவும் சகாக்களும் இதற்கு ஒரு திருப்பம் கொடுத்தார்கள். இன்ஃபுளுயன்ஸா தொற்றிய எலிகளில் அந்தப் பொங்குதலைத் தூண்டிப் பெருக்குவதே உட்சுவர்ச் செல்கள்தான் என்று கண்டார்கள். அந்தச் செல்களை மருந்தால் அமைதிப்படுத்தியபோது எலிகள் பிழைத்தன. சாட்சியாக நின்ற குழாய் இங்கே கூட்டாளி ஆகிறது.

நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு டெங்கு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் திருப்பூர், கோவை மருத்துவமனைகள் பார்க்கும் காட்சி இது: காய்ச்சல் விடும் நேரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கும், ரத்த அழுத்தம் விழும். டெங்கு வைரஸ் சுரக்கும் என்எஸ்1 என்ற புரதமே, வைரஸ் பக்கத்தில் இல்லாமலும், குழாய்ச் சுவரைக் கசியவைக்கும் என்று 2015-இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. 2019-இல் இன்னொரு குழு, டெங்குவின் என்எஸ்1 நுரையீரல் குழாய்ச் செல்களையும் பாதிக்கிறது, ஜிகா வைரஸின் என்எஸ்1 மூளை, தொப்புள்கொடிக் குழாய்களோடு நின்றுவிடுகிறது என்று கண்டது. ஒரு வைரஸ் எந்த உறுப்பின் குழாயைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான துப்பு அபூர்வம்.

டெங்குக் கசிவு ஓரிரண்டு நாளில் நின்றுவிடும், தேங்கிய நீரைக் குழாய்களே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சுவர் அழிந்திருந்தால் இவ்வளவு விரைவில் மீள முடியாது. அதனால் கசிவும் சிதைவும் வேறு வேறு நிகழ்வுகள் என்று கொள்வதே சரி. இவ்விரண்டையும் ஒரே பெயரில் அழைத்ததுதான் இத்துறையின் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

இந்த மூன்றாம் விடைக்குக் கிடைத்த வலுவான மருத்துவச் சான்று, இங்கிலாந்தின் ரெக்கவரி பரிசோதனை. வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளில், எதிர்ப்பை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 29.3 விழுக்காடு, பெறாதவர்களில் 41.4. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்து பயன் தரவில்லை. எதிர்ப்பை அடக்குவது எப்போது நல்லது என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. குழாயை அது காத்ததா, வேறு வழியில் காத்ததா என்பதை மட்டும் இந்த எண்கள் சொல்லவில்லை.

நான்காவது விடை: உறைகட்டி, காலிலிருந்து வந்ததா, அங்கேயே பிறந்ததா?

தொப்புள் ஊசியின் கதை இங்கேதான் வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ருடால்ஃப் விர்ஷோ, நுரையீரல் தமனியில் காணும் உறைகட்டிகள் காலின் சிரைகளில் உருவாகி மிதந்து வந்தவை என்று நிறுவினார். அது பாடநூல் உண்மையாகி நிலைத்தது. ஆனால் வேறொரு மரபும் மெல்ல வளர்ந்தது. ஏஆர்டிஎஸ் எனப்படும் கடும் மூச்சுத்திணறல் நிலையை 1967-இல் ஆஷ்பாவும் சகாக்களும் 12 நோயாளிகளைக் கொண்டு வரையறுத்தார்கள். பத்தாண்டு கழித்து ஸாபோல், ஸ்னைடர் இருவரும் இந்நோயாளிகளின் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியிருப்பதைக் காட்டினர். 1983-இல் டோமாஷெஃப்ஸ்கியின் குழு, இறந்தவர்களில் அனேகமாக எல்லோரின் நுரையீரல் குழாய்களிலும் உறைகட்டிகளைக் கண்டது. 2003-இன் சார்ஸிலும் இதே காட்சி. கொரோனா வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்ததற்கு, இந்தப் பழைய பக்கங்களை மறந்திருந்ததும் ஒரு காரணம்.

2020-இல் அக்கர்மான் குழு, கொரோனாவில் இறந்த ஏழு பேரின் நுரையீரல்களை 2009 எச்1என்1 இன்ஃபுளுயன்ஸாவில் இறந்த ஏழு பேருடையதோடு ஒப்பிட்டது. தந்துகி உறைகட்டிகள் கொரோனாவில் ஒன்பது மடங்கு. பழைய குழாய்கள் பிளந்து புதுக் குழாய்களாகப் பெருகும் விந்தையான வளர்ச்சியும் கூடுதல். எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ஆனால் ஏழுக்கு ஏழு. இரு நோய்களுக்கும் இடையே பதினோரு ஆண்டு, சிகிச்சையும் மாறியிருந்தது. ஒன்பது மடங்கு என்ற எண்ணை அந்த எச்சரிக்கையோடே கையாள வேண்டும்.

ஹாம்பர்க் பிணக்கூறாய்வுகள் விர்ஷோவின் பக்கம் சாய்ந்தன. 12 பேரில் ஏழு பேருக்குக் காலின் ஆழ்சிரைகளில் உறைவு இருந்தது, நான்கு பேர் நுரையீரலுக்குப் போன கட்டியாலேயே இறந்திருந்தார்கள். மாறாக, ஸ்கேன்களில் பல நோயாளிகளின் கட்டிகள் நுரையீரலின் ஓரக் கிளைகளில், வீக்கம் கண்ட பகுதிகளிலேயே தெரிந்தன, கால்களில் எதுவும் இல்லை. வெள்ளணுக்கள் தம் டி.என்.ஏ. இழைகளை வலையாக வீசிக் கிருமிகளைப் பிடிப்பதை 2004-இல் பிரிங்க்மான் குழு காட்டியிருந்தது. அந்த வலையிலேயே ரத்தம் உறைகிறது, அதாவது உறைதலும் எதிர்ப்பின் ஓர் ஆயுதம் என்ற கருத்தை 2013-இல் எங்கெல்மன், மாஸ்பெர்க் இருவரும் முன்வைத்தனர். கொரோனா நுரையீரல்களில் அந்த வலைகள் ஏராளம். இரு கட்சிக்கும் உடல்கள் சாட்சி சொன்னதால், இரண்டும் நடக்கிறது என்பதே இன்றைய நிலை.

கோட்பாட்டைச் சோதிக்கக் கடுமையான வழி மருந்து. உறைகட்டிதான் கொல்கிறது என்றால் முழு அளவு ஹெப்பாரின் காப்பாற்ற வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த பன்னாட்டுப் பரிசோதனை முடிவு விசித்திரமானது. தீவிர சிகிச்சைக்குப் போகாத 2,219 பேரில் முழு அளவு பெற்றவர்களில் 80.2 விழுக்காட்டினர் உறுப்புத் துணைக் கருவிகள் இல்லாமல் மீண்டனர், வழக்கமான குறைந்த அளவு பெற்றவர்களில் 76.4. ஏற்கெனவே தீவிர சிகிச்சையில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கோ எந்தப் பயனும் இல்லை. ஆஸ்பிரினை ரெக்கவரி குழு ஏறத்தாழ 15,000 பேரிடம் சோதித்தது. இறப்பு இரு பக்கமும் 17 விழுக்காடு. உறைகட்டி ஒரு கட்டம் வரை நோயை ஓட்டுகிறது, அதன்பிறகு அது வெறும் எச்சம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். கட்டி இறுகிய பின் கரைக்க முடியவில்லை என்றும் கொள்ளலாம். முடிவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இடையில் ஒரு சொல். 2021 மே மாதத்தில் லேசான காய்ச்சல்காரர்களும் ரத்த உறைவின் தடயம் தேடும் டி-டைமர் சோதனைக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் வரிசையில் நின்றார்கள். லேசான நோய்க்கு ஸ்கேன் தேவையில்லை என்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா பகிரங்கமாகச் சொல்ல வேண்டி வந்தது. ஆய்வுலகம் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்த ஒரு கோட்பாடு, அதற்குள் ஆய்வகக் கட்டண ரசீதாகிவிட்டது.

ஐந்தாவது விடை: சுருங்க மறந்த குழாய்

காற்று வராத பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் தானாகச் சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். 1946-இல் ஃபான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் இருவரும் பூனைகளில் இதைக் காட்டினர். கொரோனாவில் இந்த அனிச்சை தளர்ந்துவிடுகிறது, அதனால்தான் ஆக்சிஜன் 80-க்குக் கீழே இறங்கிய பிறகும் சிலர் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று இத்தாலியின் கட்டினோனி வாதிட்டார். நுரையீரல் இன்னும் விறைக்காதவர், விறைத்தவர் என நோயாளிகளை இரு வகையாகவும் பிரித்தார். அறிவுக்கு உகந்த கருத்துதான். ஆனால் அந்த இரு வகைகள் பிற்பாடு வந்த தரவுகளில் அவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை. உயிருள்ள நோயாளியின் நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்குவதை நேராக அளக்க எளிய கருவியும் இல்லை.

பிழைத்தவர்களிடம் எஞ்சுவது

மேற்சொன்ன சான்றுகள் பெரும்பாலும் இறந்தவர்களின் உடல்களிலிருந்து வந்தவை. இந்தியாவிலிருந்து அதிலும் குறைவு, ஏனெனில் 2020 மே மாதத்தில் ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் உடலை அறுக்கும் பிணக்கூறாய்வைத் தவிர்க்கச் சொன்னது. நம் கையில் இருப்பது பிழைத்தவர்களின் அளவீடு. அதில் முக்கியமானது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, 2024-இல் வெளியானது. கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரில் சுமார் 44 விழுக்காட்டினருக்கு, காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன் குறைந்திருந்தது.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் நம் பழைய கேள்வி திரும்புகிறது. வாயு கடக்கும் திறன் இரண்டைச் சார்ந்தது என்று 1957-இலேயே ரஃப்டன், ஃபார்ஸ்டர் இருவரும் காட்டிவிட்டார்கள்: இடைச்சுவரின் தன்மை ஒன்று, தந்துகிகளில் உள்ள ரத்தத்தின் அளவு மற்றொன்று. சுவர் தடித்தாலும் எண் இறங்கும், தந்துகிகள் அழிந்தாலும் இறங்கும். வழக்கமான சோதனை இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. நோய்க்கு முன் இந்த 207 பேரின் நுரையீரல் எப்படி இருந்தது என்ற அளவீடும் இல்லை. இந்தியர்களின் நுரையீரல் மற்றவர்களைவிட மோசமாகக் கெட்டது என்று அப்போது ஓடிய தலைப்புச் செய்திகள் ஆய்வு தாங்கக்கூடியதைவிட அதிகம் சொல்லின.

திருப்பூரின் காதர்பேட்டைக்கு இது நேரடியாகப் படும் விஷயம். ரயிலில் வரும் வெளிமாநில வியாபாரிகள் பனியன், ஜட்டி, டி-ஷர்ட், ஏற்றுமதி மிச்சச் சரக்கு என மொத்தமாக எடுத்துப்போகும் சந்தை அது. கம்பெனிகளில் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் தாண்டிக் கடைக்கு வரும் சரக்கை மூட்டைகளாகத் தலையிலும் தோளிலும் சுமக்கிறார்கள். தந்துகிகளில் ஒரு பகுதி அழிந்தவரின் ஆக்சிஜன் அளவு உட்கார்ந்திருக்கும்போது 97, 98 காட்டும், ஏனெனில் அந்த அரை வினாடிக் கையிருப்பு ஈடுகட்டிவிடும். மூட்டையோடு மாடி ஏறும்போது ரத்தம் மிச்சமுள்ள தந்துகிகள் வழியே விரைந்தோடும், கையிருப்பு கரையும், எண் இறங்கும். “முன்ன மாதிரி மூட்டை தூக்க முடியலைங்க” என்று ஒருவர் சொன்னால், உட்கார வைத்து விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்புவது அரைகுறைச் சோதனை. மூச்சிரைப்பு எல்லாமே குழாய்க் கோளாறு என்றும் இல்லை. தசை மெலிவு, ரத்தசோகை, மன அயர்ச்சி என்று காரணங்கள் பல.

பனியன் நகரத்தின் பஞ்சுத் தூசி இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? நூற்பாலைத் தூசியில் கலந்திருக்கும் பாக்டீரிய நச்சு, செல்களில் எந்த ஏற்பியைத் தூண்டுகிறதோ அதே ஏற்பியைத்தான் டெங்குவின் என்எஸ்1-உம் தூண்டுகிறது. ஆகவே தூசிக்குப் பழகிய நுரையீரல் வைரஸுக்கு வேறு மாதிரி பதில் சொல்லுமோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் இது ஊகத்தின் எல்லையிலேயே நிற்கிறது. பனியன் பிரிவுகளின் தூசி நூற்பாலை அளவுக்கு இராது என்பதையும் மறக்கக் கூடாது.

முடிந்ததும் முடியாததும்

வைரஸுக்கு வைரஸ் வழி வேறு என்பது ஏறக்குறைய உறுதி. ஹன்டா குடியேறுகிறது, டெங்கு தொலைவிலிருந்தே கசியவைக்கிறது, கொரோனா பெரும்பாலும் எதிர்ப்பின் வழியாகவும் உறைதலின் வழியாகவும் கெடுக்கிறது, இன்ஃபுளுயன்ஸாவில் பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்கிறது. எது முந்தி எது பிந்தி என்பதே இன்னும் தீராத தகராறு. டெக்ஸாமெத்தசோன், ஹெப்பாரின் பரிசோதனைகள் ஒரே குரலில் சொல்வது, அதே மருந்து ஒரு கட்டத்தில் உதவி மறு கட்டத்தில் பயனற்றுப் போகிறது என்பது. கட்டத்தைக் கண்டறியும் எளிய ரத்தச் சோதனை கிடைக்கும் வரை பழைய விடைகள் அடுத்த தொற்றிலும் மறுபடி மோதிக்கொள்ளும்.

பிழைத்தவர்களின் தந்துகிகள் மீள்கின்றனவா என்ற கேள்விக்கு ஆய்வகம் தனியே விடை தராது. அதற்கு நோய்க்கு முந்தைய அளவீடு வேண்டும். தொழிலாளர் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் நெடுங்காலமாகவே இருக்கிறது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடுகளுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேண்டியது 30 மீட்டர் நேரான தாழ்வாரம், ஒரு கடிகாரம், ஓர் ஆக்சிமீட்டர். திருப்பூருக்கு இப்போது சொந்தமாக அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அந்தக் கல்லூரியும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களும் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை இந்த அளவை எடுத்துக் குறித்து வைக்கத் தொடங்க வேண்டும். காதர்பேட்டையின் சுமை தூக்குவோரிலிருந்தே தொடங்கலாம்.